காட்சி பதினான்கின் இடப்பக்கம்

அன்று அந்த மாடி அறையில் இருந்தவர்கள்: முதலாளி, முதலாளியின் மைத்துனர், வசனகர்த்தா, பம்பாய்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த டைரக்டர், நான். கதவுக்கு வெளியே, உள்ளே வரமாட்டேன் என்று நின்றுகொண்டிருந்த என் அக்கா. ஆக ஆறு பேர். நடுவில் பாயின்மேல் வறுத்த கடலை நிறைந்த ஒரு காகிதக் கூடை. அதையும் ஆளாகச் சேர்த்து எண்ணலாமா என்பது எனக்கு இன்றுவரை முடிவாகவில்லை.

எந்த அறைக்குள் போனாலும் தலைகளை எண்ணிவிடுவது என் பழக்கம். ஏதாவது நடந்துவிட்டால் யார் யார் பார்த்தார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா. பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. நடக்காததற்கும் கவலைப்பட்டு வைத்துவிட்டால் நடக்கும்போது பழக்கமாக இருக்கும் என்று நினைப்பேன். அது பலித்ததே இல்லை.

நான் எட்டாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின வாரம் பள்ளிக்கூடத்தை விட்டவன். தோற்றுவிடுவேன் என்ற பயத்தால் அல்ல. தேறிவிட்டால் ஒன்பதாம் வகுப்பு என்று ஒன்று இருக்கிறதே, அங்கே வாத்தியார் எப்படியோ, கணக்கு எப்படியோ என்ற பயத்தால். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். பத்திரம் எழுதுகிறவர் ஒருவரிடம் சில வருஷம் நகல் எழுதினேன். "மேற்படியார், மேற்படி நிலத்தை, மேற்படி தொகைக்கு" என்று எழுதி எழுதி, யாராவது என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட மேற்படி என்று சொல்லிவிடுவேனோ என்று ஆகியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் சினிமாக் கம்பெனியில் நகல் எழுத ஆள் வேண்டும் என்றார்கள்.

யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மெட்ராஸிலிருந்து குடும்பம் குடும்பமாக மதுரைக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கம்பெனி மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், நூல் கிட்டங்கிக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே நூல் பொதி, மேலே சினிமா. முதலாளி இரண்டுக்கும் முதலாளி. அவரும் மைத்துனரும் எல்லாரோடும் தமிழ்தான் பேசுவார்கள். பணத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் தங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு அது ஒரு வார்த்தையும் தெரியாது. அதனால் அவர்கள் அந்த மொழியில் பேசும்போதெல்லாம் என்னை வேலையை விட்டு நிறுத்துவது பற்றித்தான் பேசுகிறார்கள் என்று உறுதியாக நம்பினேன்.

படத்துக்கு எழுதுவதை அப்போது சினாரியோ என்பார்கள். பெரிய தாள். நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம், திரையில் என்ன தெரிகிறது என்பது: அறை, கிணறு, யார் எங்கே நிற்கிறார்கள், கேமரா கிட்டத்திலா தூரத்திலா. வலப்பக்கம், என்ன கேட்கிறது என்பது: பேச்சு, பாட்டு, கதவு தட்டும் சத்தம். எங்கள் கம்பெனியில் வலப்பக்கத்தை எழுதியவர் வசனகர்த்தா. நாடகக் கம்பெனிகளில் முப்பது வருஷம் பேசியும் எழுதியும் வந்தவர். இடப்பக்கத்தைப் பச்சை மையில் எழுதியவர் பழைய டைரக்டர். பட விளம்பரத்தில் எவர் பெயர் முதலில் வருவது என்று இருவருக்கும் தகராறு வந்து, பழையவர் பச்சை மைப் பேனாவோடு ரயில் ஏறிவிட்டார். நான் சேர்ந்தபோது அவர் இல்லை. அவர் எழுதிய இடப்பக்கம் மட்டும் இருந்தது.

என் வேலை அந்த ஒரே மூலத்திலிருந்து மூன்று நகல் எடுப்பது. மூன்று நகலும் முடிந்ததும் மூலத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். இந்தச் சொல்லைத்தான் நான் பின்னால் மிகவும் பிடித்துக்கொண்டேன்.

அறையின் மூலையில் ஒரு தகரப்பெட்டி. அதில் கம்பெனி முன்பு எடுத்த ஒரு படத்தின் சினாரியோவும், எடுக்காமல் விட்ட ஒன்றின் சினாரியோவும் கிடந்தன. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவற்றை எடுத்துப் படிப்பேன். முதலில் கதையாகப் படித்தேன். பிறகு வலப்பக்கத்தைப் பனையோலை விசிறியால் மூடிக்கொண்டு இடப்பக்கத்தை மட்டும் படித்தேன். ஊமைகள் வீடு மாதிரி இருந்தது, ஆனால் என்ன நடக்கிறது என்று புரிந்தது. இடப்பக்கத்தை மூடி வலப்பக்கத்தைப் படித்தேன். பக்கத்து வீட்டுச் சண்டையைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்பது மாதிரி இருந்தது. யார் அடித்தார்கள் என்று தெரியாது.

எடுத்து முடித்த அந்தப் படம் திருமங்கலத்தில் ஒரு கொட்டகைக்கு மறுபடி வந்தபோது, சினாரியோவை மனப்பாடம் செய்துகொண்டு போய் உட்கார்ந்தேன். தாளில் இருந்தது திரையில் வருகிறதா என்று சரிபார்க்கிற ஆவல். வந்தது. ஒவ்வொன்றும் வந்தது. என்னை அறியாமல் "இப்ப குளோஸப்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் திரும்பினார். "ஏப்பா, படத்த நீதான் ஓட்டுறியா?"

"இல்லண்ணே."

"அப்ப அவங்க ஓட்டட்டும். நீ சும்மா இரு."

இப்படி, சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், விசிறியை வைத்துக்கொண்டு கற்றுக்கொண்டதுதான் என் சினிமாப் படிப்பு. அதில் மூன்று மாதம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு எனக்குத் திருட்டுப் பயம் வந்தது.

திருநகர்ப் பக்கம் புதிதாக ஒரு ஸ்டூடியோ வரப்போகிறது, நாலைந்து கம்பெனிகள் கதை தேடி அலைகின்றன என்று ஒரு பேச்சு. நான் அக்காவின் வீட்டில் திருப்பரங்குன்றத்தில் இருந்தேன். மாலையில் மூலத்தைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவேன், விடிந்ததும் உட்கார்ந்து எழுதுவதற்காக. பெட்ரோல் கிடைக்காததால் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிற பஸ். மேடு வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளுகிறபோது பையை எங்கே வைப்பது? பக்கத்தில் தள்ளுகிறவன் யார்? கதையைத் தேடுகிற கம்பெனியின் ஆளாக இருந்தால்?

இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கிட்டங்கிக்கு எதிரே இருந்த தையற்காரரிடம் கத்தரிக்கோல் இரவல் வாங்கி, எப்படியும் கிழித்துப் போடப்போகிற தாள்தானே என்று மூலத்தை நடுக்கோட்டோடு மேலிருந்து கீழாக வெட்டினேன். நூற்றுச் சொச்சம் தாள். வலப்பக்கங்களைக் கம்பெனியில் வைத்துப் பூட்டினேன். இடப்பக்கங்களை அக்கா வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால், கிழிந்த கோணிக்கு அடியில் வைத்தேன். பாதிக் கதையைத் திருடினவனுக்கு என்ன பிரயோஜனம் என்பது என் யோசனை. பாதிக் கதை போனால் எனக்கு என்ன பிரயோஜனம் என்று யோசிக்கவில்லை. கவலைப்படுகிறவனுக்கு எல்லாப் பக்கமும் கண் இருக்கும் என்பார்கள். பானைக்குப் பின்னால் இருக்காது.

வலப்பக்கத்தை மூன்று நகல் எடுத்து முடித்தேன். நடிகர்கள் பாடம் செய்ய வேண்டும் என்பதால் அதுதான் முதலில். பிறகு, புது டைரக்டர் வந்துகொண்டிருக்கிறார், இன்னும் பன்னிரண்டு நாளில் முழுக் கதையையும் வாசித்துக்காட்ட வேண்டும் என்றார் முதலாளி. சரி, இனி இடப்பக்கம் என்று கோணியைத் தூக்கினேன். அடியில் தரைதான் இருந்தது.

"அக்கா, இங்கன காகிதம் வச்சிருந்தேனே."

"எந்தக் காகிதம்? பச்சையா எழுதி, பாதி பாதியா வெட்டிக் கெடந்துச்சே, அதுவா?"

"அதுதான்."

"அது அந்தா இருக்குல்ல" என்று வாசல் பக்கம் கையைக் காட்டினாள்.

வெயிலில் ஒரு பானையைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் காகிதக் கூழ் அப்பிக் காய்ந்துகொண்டிருந்தது. பித்தளை, அலுமினியம் எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்ட காலம். பெண்கள் பழைய காகிதத்தை ஊறப்போட்டு, வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் அரைத்து, பானைமேல் அப்பிக் காயவைத்துக் கூடை செய்வார்கள். வெந்தயம் சேர்த்தால் பூச்சி அரிக்காது. காய்ந்த பிறகு உள்ளும் புறமும் நல்ல தாளாகப் பார்த்து ஒட்டி அழகு செய்வார்கள். அக்கா அந்த வேலையில் கெட்டிக்காரி.

கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தேன், கூழ் லேசாகப் பச்சை அடித்தது.

"என்னடா, மொகம் இப்பிடிப் போச்சு? முக்கியமான காகிதமா?"

"படிச்சுப் பாத்திருக்கக் கூடாதா அக்கா?"

"எழுத்துக் கூட்டிப் படிச்சுத்தான் பாத்தேன். அண்ணன் நிக்கிறான்னு இருந்துச்சு. அடுத்த தாள்ல தம்பி நிக்கிறான். அதுக்கடுத்து அண்ணி நிக்கிறா. அம்புட்டுப் பேரும் நின்னுக்கிட்டே இருந்தாங்க. பிள்ளைக யாரோ கையெழுத்துப் பழகிருக்குன்னு நெனச்சேன்."

மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். பத்துப் பதினைந்து தாள் இருக்கிறது, உள்ளே ஒட்டுவதற்கு எடுத்து வைத்திருக்கிறேன் என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். கொடுக்காப்புளிக் காய் அகலத்துக்குக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து வைத்திருந்தாள்.

முதலாளியிடம் சொல்லிவிடலாம் என்று மறுநாள் காலை மாடிப்படி ஏறினேன். மேலே முதலாளியும் மைத்துனரும் சௌராஷ்டிரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். இறங்கிவிட்டேன். இந்த வேலை போனால் மறுபடி மேற்படி நிலம், மேற்படி தொகை. அதைவிட, அந்தத் தகரப்பெட்டியை இனித் திறக்க முடியாது. அதை நினைத்தபோதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. அதற்கு முன்பு பட்டதெல்லாம் பழக்க தோஷம்.

ஆகவே இடப்பக்கத்தை நானே எழுதினேன்.

கதை, பாகம் பிரித்துக்கொண்ட இரண்டு அண்ணன் தம்பியைப் பற்றியது. வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்புகிறார்கள். முற்றத்துக் கிணறு சரியாகச் சுவர்க்கோட்டில் வருகிறது. வலப்பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இவன் இதைச் சொல்லும்போது என்ன செய்துகொண்டிருப்பான் என்று ஒவ்வொரு வரிக்கும் யோசித்தேன். பழையவர் என்ன எழுதியிருந்தார் என்று நினைவுபடுத்தப் பார்த்தால், அக்கா சொன்னது சரிதான், எல்லாரும் நின்றார்கள். தாள் தாளாக வெட்டும்போதும் எனக்கு அது உறைக்கவில்லை.

"எங்கே போகிறாய்?" என்று கணவன் கேட்கிறான். "எங்கும் போகவில்லை" என்கிறாள் மனைவி. அவ்வளவுதான் வலப்பக்கம். அவள் கையில் என்ன இருக்கிறது? மூட்டை இருந்தால் பொய் சொல்கிறாள். விளக்குத்திரி இருந்தால் உண்மை சொல்கிறாள். மூட்டையைக் கையில் கொடுக்காமல், கதவுக்குப் பின்னால் தெரிகிற மாதிரி வைத்து, அவள் கையில் திரியைக் கொடுத்தேன். எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து அந்த வரியை மறுபடி வாசித்தேன். பயத்தால் அல்ல, பிடித்திருந்ததால்.

எப்படி முடிப்பது என்று தெரியாத இடங்களில் எல்லாம் ஃபேட் அவுட் என்று எழுதினேன். திரை மெல்ல இருட்டாவது. தகரப்பெட்டியில் கற்ற சொல். மிகவும் உதவியாக இருந்தது.

பதினான்காம் காட்சிதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. கிணற்றடி. அண்ணன் தண்ணீர் இறைக்க வருகிறான், தம்பியும் வருகிறான். அண்ணன் பேசுகிறான். இரண்டு பக்கம். ரத்தம், பாசம், பந்தம், சொந்தம் என்று வசனகர்த்தா மூச்சு விடாமல் எழுதியிருந்தார். அவருக்கு உயிரே அந்தக் காட்சிதான். அதில் தம்பி என்ன செய்வான்? மூன்று நாள் அந்தத் தம்பியை என்ன செய்வது என்று தெரியாமல் திரிந்தேன். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் தம்பியும் வாளியை இறக்குகிறான் என்று எழுதினேன். உள்ளே இரண்டு வாளியும் மோதுகின்றன. கயிறு சிக்கிக்கொள்கிறது. இருவரும் இழுக்கிறார்கள். எவன் இழுத்தாலும் இருவருக்கும் வரவில்லை. கடைசியில் அண்ணன் தன் கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொள்கிறான், தம்பியின் வாளி மேலே வருகிறது. பேச்சு இல்லை. வலப்பக்கத்து இரண்டு பக்கத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு ஃபேட் அவுட் போட்டு, அதற்குப் பிறகு வைத்தேன்.

இதெல்லாம் ஆன பிறகுதான் அந்த நாள்.

டைரக்டர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. மைத்துனர் கையில் பென்சில். பிலிம் கிடைக்காத காலம், படத்தின் நீளத்துக்குச் சர்க்கார் வரம்பு வைத்திருந்தது. ஒவ்வொரு காட்சிக்கும் எத்தனை அடி பிலிம் போகும் என்று அவர் துணி அளக்கிற மாதிரி கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். நான் புது நகலைப் பிரித்து முதல் வரியை வாசிக்க வாயைத் திறந்தபோது அக்கா வந்தாள்.

"தம்பி சாப்பாட்ட மறந்துட்டு வந்துட்டான். பெரியவுகளெல்லாம் வாராகன்னு சொன்னான், அதான் கொஞ்சம் கடலை வறுத்துக் கொண்டாந்தேன்."

கூடையை முதலாளி கையிலேயே கொடுத்தாள். புதுக் கூடை. வெளிப்புறம் நல்ல சிவப்பில் சாயத் தாள் ஒட்டியிருந்தாள். உள்ளே என்ன ஒட்டியிருந்தாள் என்பது அறையில் இருந்தவர்களில் எனக்கு மட்டும் தெரியும். கடலை விளிம்புவரை இருந்தது. அதுதான் ஒரே ஆறுதல்.

வாசித்தேன். ஒரு கண் தாளில், ஒரு கண் கூடையில். டைரக்டர் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டிக் கடலை எடுத்தார். இரண்டாம் காட்சியில் முதலாளி எடுத்தார். நாலாம் காட்சியில் விளிம்புக்குக் கீழே முதல் பச்சை எழுத்து தெரிந்தது. நான் வாசிப்பை வேகப்படுத்தினேன்.

"மெதுவா வாசிப்பா. ரயிலுக்கா போறோம்?" என்றார் முதலாளி.

"கடலை சூடுங்க, பித்தம்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"உன் வாய்க்குத்தான் வாசிக்கிற வேலை இருக்கு. எங்க வாய் சும்மாத்தான இருக்கு" என்று மைத்துனர் ஒரு கைப்பிடி அள்ளினார். இரண்டு வரி வெளியே வந்தது.

எட்டாம் காட்சி முடிந்ததும் டைரக்டர் ஒரு கண்ணைத் திறந்தார். "தம்பி. ஏன் இவ்வளவு இருட்டு? ஒவ்வொரு சீனும் இருட்டு."

 மைத்துனர் காப்பாற்றினார். "யுத்தம் நடக்குதுல்ல சார். விளக்க அணைக்கச் சொல்லி உத்தரவு."

டைரக்டர் அதை ஒப்புக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

பதினான்காம் காட்சிக்கு வந்தபோது கூடையில் கால்வாசிக் கடலைதான் இருந்தது. கிணறு, வாளி, கயிறு என்று வாசித்தேன். அறையில் கடலை மெல்லும் சத்தம் நின்றது. தம்பியின் வாளி மேலே வந்ததும் டைரக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் ஃபேட் அவுட் என்று சொல்லிவிட்டு, அண்ணனின் பேச்சை ஆரம்பித்தேன்.

"வேணாம்" என்றார் டைரக்டர். "பேச்சு வேணாம். கயிறு போதும்."

"ரெண்டு பக்கமும் வேணாமா?" மைத்துனர் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். "எம்புட்டு அடி மிச்சம்னு பாக்குறேன்."

வசனகர்த்தா அதுவரை என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தார்.

"தம்பி, இந்தக் கயிறு எங்கயிருந்து வந்துச்சு?"

"கிணத்துல இருந்துதாங்க."

"கிணறு என்னோடது. கயிறு யாரோடது? என் காட்சியில அண்ணன் நிக்கிறான், பேசுறான். தம்பி நிக்கிறான், அழுவுறான். நானே பக்கத்துல இருந்து அந்தப் பச்சை மைக்காரர எழுத வச்சேன். மூலத்த எடு."

"அது, வீட்டுல இருக்குங்க."

சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்தது. அது அவருடைய முழங்காலுக்கு அருகில் இருந்தது.

வசனகர்த்தாவுக்குக் கோபம் வந்தால் எதையாவது மெல்ல வேண்டும். கூடையை இழுத்து மடியில் வைத்து அள்ளினார். கை அப்படியே நின்றது. கூடையைச் சாய்த்து, மிச்சக் கடலையை வேட்டியில் கொட்டிக்கொண்டு, உள்ளே பார்த்தார். பிறகு, முப்பது வருஷம் மேடையில் பேசிய குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"காட்சி பதினாலு. கிணற்றடி. அண்ணன் நிக்கிறான்."

கூடையை ஒரு சுற்றுத் திருப்பினார்.

"தம்பி நிக்கிறான்."

 நான் தலைகளை மறுபடி எண்ணினேன். ஆறு பேர்தான். எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் சொன்னேன். கரி பஸ், கத்தரிக்கோல், அரிசிப் பானை, பதினொரு நாள். சொல்லி முடித்ததும் கதவுக்கு வெளியேயிருந்து அக்காவின் குரல்.

"தப்பு என் மேலதாங்க. நான்தான் அரைச்சேன். ஆனா அந்தக் கயித்துச் சங்கதி பொய்யில்லங்க. அது எனக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் நடந்தது. இவன் அதத் தூக்கி ஆம்பளைகளுக்குக் குடுத்துட்டான்."

அக்கா எப்போதோ சொன்னதுதான் அது என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. நானாகக் கற்பனை செய்தேன் என்றுதான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

டைரக்டர் அவளிடம் கேட்டார். "யார் கயிறு விட்டது?"

"நான்தாங்க. அவ விடுவாளா? ரெண்டு பேரும் இழுத்தா ரெண்டு கயிறும் அந்துபோகும். பிள்ளை அவ வீட்டுல அழுதுக்கிட்டிருந்துச்சு. போய்த் தொலைன்னு விட்டேன். மறுநா வெண்டைக்காய் குடுத்து விட்டா. ஒரு வார்த்தை பேசல."

"வெண்டைக்காய்" என்றார் டைரக்டர், மிகுந்த மரியாதையோடு. "அதையும் எழுது தம்பி."

அப்போது முதலாளியும் மைத்துனரும் சௌராஷ்டிரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

இதுவரை எத்தனையோ தடவை அவர்கள் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்து ஏமாந்திருக்கிறேன். இந்த ஒரு தடவை சந்தேகமே இல்லை. மைத்துனர் விரலை மடக்கினார், முதலாளி தலையை ஆட்டினார். முதலாளி கூடையைத் தூக்கிப் பார்த்தார், மைத்துனர் சிரித்தார். எனக்கு மேற்படி நிலம் கண்ணுக்குத் தெரிந்தது. துணிப்பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

முதலாளி தமிழுக்குத் திரும்பினார்.

"மின்னால எழுதுன ஆளுக்கு, நிக்கிறான் நிக்கிறான்னு எழுதுனதுக்கு, நான் குடுத்தது எரநூறு. அதுல இன்னிக்கு மிச்சம் ஒரு கூடை. நீ எழுதுனதுக்கு அறுபது ரூபா. இனி இடப்பக்கம் எது வந்தாலும் நீ எழுது. எதையும் வெட்டாத. கூடை கம்பெனியோடது, இங்கயே இருக்கட்டும்."

"கூடை எப்பிடிங்க கம்பெனியோடது?" அக்கா முதல் தடவையாக ஒரு காலை உள்ளே வைத்தாள். "காகிதம் வேணா ஒங்களோடது. வெந்தயம் என்னோடது, அரைச்ச கையி என்னோடது."

"என்னம்மா வெல?"

"ஒண்ணேகால் ரூவா."

"எழுதிக்கப்பா" என்றார் முதலாளி மைத்துனரிடம்.

வசனகர்த்தா எழுந்து நின்று வேட்டியிலிருந்த கடலைத்தொலியை உதறினார். இரண்டு பக்கத்தில் நாலு வரியாவது இருக்க வேண்டும், அதில் ஒரு எழுத்துக் குறைந்தாலும் மதுரையில் இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நாலு வரியும் இல்லாமல் போயிற்று. அவர் மதுரையில்தான் இருந்தார். ஒரு வாரம் கழித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, கயித்த விடுறப்ப அண்ணன் ஒரு பெருமூச்சு விட்டுக்கலாமா? பேச்சு இல்ல. மூச்சுத்தான்" என்று கேட்டார். வலப்பக்கத்தில் பெருமூச்சு என்று எழுதிக்கொடுத்தேன். என்னை அணைத்துக்கொண்டார்.

பதினான்காம் காட்சியை நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் எடுத்தார்கள். வாளிகள் மோத வேண்டிய விதத்தில் மோதவில்லை. கதாநாயகன் பட்டணத்துக்காரர், தண்ணீர் இறைத்துப் பழக்கமில்லை. அக்காவை வரவழைத்து இறைத்துக்காட்டச் சொன்னார்கள். அவள் காட்டிய மாதிரி அவர் செய்தார். பெருமூச்சும் நன்றாக வந்தது. அந்தச் சுருளை மட்டும் ஒருநாள் மாடி அறையின் வெள்ளைச் சுவரில் போட்டுப் பார்த்தோம். அதே ஆறு பேர். தாளில் நான் எழுதியது சுவரில் நடந்தது. நான் ஒன்றும் முணுமுணுக்கவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தேன்.

அதோடு பிலிம் தீர்ந்தது. புதுச் சுருளுக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. முதலாளி ஆறு மாதம் காத்திருந்துவிட்டு நூலுக்கே போய்விட்டார், படம் முடியவேயில்லை. ஆனால் அந்த மாடி அறையில் ஒருவர் என்னைப் பார்த்து இடப்பக்கம் நீ எழுது என்று சொல்லியிருந்தார். பிறகு எந்தக் கம்பெனிக்குப் போய் நின்றாலும் என்ன வேலை தெரியும் என்று கேட்டால், அதைத்தான் சொன்னேன். சில இடங்களில் வேலையும் கொடுத்தார்கள்.

அறுபது ரூபாயில் முப்பத்தேழரை ரூபாய் மூன்று தவணையாக வந்தது. பாக்கி இருபத்திரண்டரை. அக்கா அதைப் பற்றிக் கேட்கவே மாட்டாள், கூடையைத்தான் கேட்பாள். ஒண்ணேகால். ஆக மொத்தம் எங்கள் குடும்பத்துக்கு அந்தக் கம்பெனியிலிருந்து இன்னும் வரவேண்டியது இருபத்து மூன்று ரூபாய் பன்னிரண்டணா.